ஜாமீன் கையெழுத்து

சென்ற மாதம் ஒரு நாள் காலை, காபி குடித்துவிட்டுப் பத்திரிகையைப் பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், இரண்டு இளைஞர்கள் என்னைத் தேடிக்கொண்டு வந்தார்கள். இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் நாடா, நாடாவில் அடையாள அட்டை. ஒரு பெரிய ஸ்தாபனத்திலிருந்து வருவதாகச் சொன்னார்கள். எழுத்தாளனைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கக் கூப்பிடுவார்கள். இல்லாவிட்டால் தாங்கள் எழுதிய கவிதைகளுக்கு முன்னுரை கேட்பார்கள். இவர்கள் கேட்டது இரண்டும் இல்லை.

"எங்க ஆபீஸ்ல ஒரு பெரிய மாற்றம் வரப்போகுது சார். கடிதங்களுக்குப் பதில் எழுதறது, பில் சரிபார்க்கறது எல்லாத்தையும் இனிமே செயற்கை நுண்ணறிவுதான் செய்யப்போகுது. ஸ்டாஃப்ல நிறையப் பேருக்குத் தயக்கம் இருக்கு. பழைய ஆளுங்க முகத்தைத் தூக்கி வச்சுக்கிறாங்க. மாற்றத்தை எப்படி வரவேற்கிறதுன்னு நீங்க வந்து ஒரு மணி நேரம் பேசணும்."

"நான் நாவல் எழுதுகிறவன். அந்த யந்திரத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாதே?"

"யந்திரத்தைப் பத்திப் பேச எங்ககிட்டே ஆள் இருக்கு சார். ஆனா நீங்க பேசினா நம்புவாங்க. அதுதான் வேணும்."

கடைசி வார்த்தையை அந்தப் பையன் மிகவும் மரியாதையாகத்தான் சொன்னான். என்னைப் பெருமைப்படுத்துவதாக நினைத்தே சொன்னான். ஆனால் அதைக் கேட்டதும் நான் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன். முப்பது வருஷங்களுக்கு முன்னால் இதே வார்த்தையை இன்னொருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். அன்று நான் போனேன், பேசினேன், நம்பினார்கள்.

அந்தக் கதையை இதுவரை நான் எங்கும் எழுதியதில்லை. இப்போது எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது. ஆனால் அதை நேராகச் சொல்லிவிட முடியாது. முதலில் எங்கள் தாத்தாவின் பெட்டிக்கடைக்குப் போய்விட்டு வர வேண்டும்.

மனிதனுக்கு மாற்றமே பிடிக்காது என்று ஒரு பேச்சு உண்டு. பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்கள் இதை அடிக்கடி சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் ஒப்புக்கொள்வதில்லை. மாற்றமே பிடிக்காதவன் பெண்ணுக்குக் கல்யாணம் செய்து வைப்பானா? கூரையைப் பிரித்துவிட்டு ஓடு போடுவானா? ஜனங்களுக்குப் பிடிக்காதது வேறு ஏதோ ஒன்று. அது என்னவென்று எங்கள் தாத்தாவுக்குத் தெரிந்திருந்தது.

மதுரைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அவருக்குக் கடை. 1957 ஏப்ரல் 1ஆம் தேதி நயா பைசா வந்தபோது நான் கைக்குழந்தை. அம்மா சொல்லக் கேட்டதுதான். அதற்கு முன்னால் ரூபாய்க்குப் பதினாறு அணா, அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி. ஆக, ரூபாய்க்கு 192 தம்பிடி. அதைத் தூக்கி எறிந்துவிட்டு, ரூபாய்க்கு நூறு காசு என்றார்கள். எட்டணாவுக்குச் சரியாக ஐம்பது காசு. நாலணாவுக்குச் சரியாக இருபத்தைந்து. இந்த இரண்டிலும் ஒருவருக்கும் தகராறு இல்லை. பேரைக்கூட மாற்றிக்கொள்ளவில்லை, புது நாணயத்தைக் கையில் வைத்துக்கொண்டே 'நாலணா', 'எட்டணா' என்று கூப்பிட்டார்கள். 'நயா' என்ற அடைமொழி 1964இல் போய்விட்டது. இருபத்தைந்து காசு நாணயமே 2011 ஜூன் மாதக் கடைசியோடு செல்லாமல் போயிற்று. அதுவரைக்கும் அது நாலணாவாகவே வாழ்ந்தது.

தகராறெல்லாம் ஓரணாவில்தான். ஓரணாவுக்கு ஆறேகால் காசு. கால் காசு என்று ஒரு நாணயம் கிடையாது. ஆறு காசு வாங்கினால் கடைக்காரனுக்குக் கால் காசு நஷ்டம். ஏழு வாங்கினால் வந்தவனுக்கு முக்கால் காசு நஷ்டம். சர்க்கார் மாற்று அட்டவணை போட்டுக் கொடுத்தது. அட்டவணை கால் காசை மறைக்குமே தவிர அழிக்குமா? கடைக்குக் கடை வாய்ச்சண்டை. தாத்தா என்ன செய்தாராம், தெரியுமா? ஓரணாச் சாமான்களை நாலு நாலாகக் கட்டி நாலணாவுக்கு வைத்துவிட்டார். ஒன்றுதான் வேண்டும் என்று வருகிறவர்களிடம் ஆறு காசு வாங்கிக்கொண்டார். "கால் காசு என் கணக்கிலே போகட்டும்" என்பாராம். அவர் கடை வாசலில் மட்டும் சண்டை இல்லை.

ஒவ்வொரு மாற்றத்திலும் இப்படி ஒரு கால் காசு எங்கேயோ இடிக்கத்தான் செய்கிறது. அது யார் கணக்கில் விழுகிறது என்பதைத்தான் ஜனங்கள் பார்க்கிறார்கள். அதைச் சொல்லாமல் மாற்றத்தின் பெருமையை மட்டும் பேசினால், காது கேட்கும், மனசு கேட்காது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மதுரையில் ஓர் அச்சாபீசில் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதைப் பிறகு மறந்தும் போனேன்.

எம்.ஏ. முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் அலைந்த என்னைப் புரூஃப் திருத்துகிறவனாகச் சேர்த்துக்கொண்ட அச்சாபீஸ் அது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நோட்ஸ் போடுவதுதான் முக்கிய வியாபாரம். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், எப்போதாவது ஒரு நாவல். பதினாலு கம்பாசிட்டர்கள். சாய்வு மேஜைமேல் மரக் கேஸ்கள். கேஸ் முழுக்கச் சின்னச் சின்ன அறைகள். அறைக்கு ஓர் எழுத்தாக ஈய அச்சுகள். இடது கையில் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் எழுத்தை எடுத்து எடுத்துக் கோப்பார்கள். கண் மேட்டரில் இருக்கும். கை தானாகப் போய்த் தானாக வரும். கோழி தீனி பொறுக்குவதைப் போல அத்தனை வேகம்.

அவர்களுக்கெல்லாம் தலைவர் ஒருவர் இருந்தார். நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். எட்டாவதுக்குமேல் படிக்காதவர். ஆனால் என் புரூஃபில் நான் விட்ட சந்திப் பிழையை, தலைகீழாக இருக்கும் ஈயத்தைப் பார்த்தே கண்டுபிடித்துச் சொல்லுவார்.

1978 அக்டோபரில் சர்க்கார் உத்தரவு வந்தது. பெரியார் நூற்றாண்டை ஒட்டி எம்.ஜி.ஆர். சர்க்கார் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. பெரியார் அதை 1930களின் நடுவிலேயே தம் பத்திரிகையில் நடத்திக் காட்டிவிட்டார். நாற்பது வருஷத்துக்குமேல் வாசலில் நின்ற மாற்றம் அது. ணா, றா, னா மூன்றும் வளைத்துச் சுருட்டிக்கொண்டு நின்ற பழைய உருவத்தை விட்டுவிட்டு, கா, தா போலக் கால் வாங்கிக்கொள்ள வேண்டும். ணை, லை, ளை, னை நான்கும் தூக்கிய தும்பிக்கையை இறக்கிவிட்டு, கை, தை போல இரட்டைக் கொம்பு போட்டுக்கொள்ள வேண்டும். அப்புறம் ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ. ஆகப் பதின்மூன்று எழுத்து.

பாடப்புத்தகம் புது எழுத்தில் வரும்போது நோட்ஸ் பழைய எழுத்தில் வரலாமா? 1979 ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் எல்லாம் மாறிவிட வேண்டும் என்று முதலாளி தீர்மானித்தார். என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீ படிச்ச பையன். நீ போய் எடுத்துச் சொல்லு."

நான் போய் எடுத்துச் சொன்னேன். எவ்வளவு பிரமாதமாகச் சொன்னேன் என்கிறீர்கள்! கா, சா, தா என்று எழுதிக்கொண்டே வருகிற குழந்தை ணாவுக்கு வந்ததும் ஏன் திகைக்க வேண்டும், தட்டெழுத்து யந்திரத்துக்கு எத்தனை சௌகரியம், கேஸில் எத்தனை அறை மிச்சம் என்றெல்லாம் அடுக்கினேன். பதினாலு பேரும் தலையை ஆட்டினார்கள். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. வெற்றி என்று நினைத்துக்கொண்டு என் மேஜைக்குத் திரும்பினேன்.

மறுநாள் புரூஃப் வந்தது. ஒரே வரியில் பழைய லையும் புது லையும் மாமியாரும் மருமகளும்போல முறைத்துக்கொண்டு நின்றன. திருத்தி அனுப்பினேன். மறுபடியும் அதே கதை. ஒரு வாரம் இப்படி நடந்தது. முதலாளி கத்தினார், பிழைக்குக் கூலியைப் பிடிப்பேன் என்றார். அவர்களுக்கோ பக்கக் கணக்கில் கூலி. நாளைக்கு எட்டுப் பக்கம் கோத்தவர் ஐந்து பக்கம்தான் முடித்தார். 'வேண்டுமென்றே செய்கிறான்கள்' என்று முதலாளி சொன்னார். நானும் மனசுக்குள் அதைத்தான் சொல்லிக்கொண்டேன்.

ஒரு நாள் சாயங்காலம் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, கொஞ்சம் இப்படி வாங்க. இந்த ஸ்டிக்கைப் பிடிங்க. மூணு வரி கோத்துக் காட்டுங்க."

கோத்தேன். மூன்று வரிக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு எழுத்து தலைகீழாக விழுந்திருந்தது.

"உங்களை மட்டம் தட்டறதுக்குச் சொல்லலை. நீங்க சொன்னதெல்லாம் எங்க புத்திக்கு ஏறிடுச்சு தம்பி. ஆனா கோக்கிறது புத்தி இல்லே, கை. இருவது வருஷமா லைன்னா ஒரே எடுப்பு. இந்த அறைக்குப் போகும், வரும். இப்ப ஒரு எடுப்புக்கு ரெண்டு எடுப்பு. கையைப் பிடிச்சு நிறுத்த வேண்டியிருக்கு. கையை நிறுத்தினா மத்த எழுத்தும் சேர்ந்து நின்னுபோகுது. புதுசாச் சேர்ந்த பையன் இருக்கான் பாருங்க, அவனுக்கு ஒரு சிரமமும் இல்லே. வேலை தெரிஞ்சவன்தான் இப்ப வேலை தெரியாதவனாப் போயிட்டான்."

வேலை தெரிந்தவன் வேலை தெரியாதவனாகிப் போவது! அதுவும் தான் தொழில் கற்றுக்கொடுத்த பையனுக்கு முன்னால். என் எம்.ஏ. புத்திக்கு இது தோன்றவே இல்லை.

"என்ன செய்யலாம் அண்ணாச்சி?"

அவர் முன்னாலேயே யோசித்து வைத்திருந்தார். பதின்மூன்று எழுத்து என்று நாம் சொன்னாலும், ஈயத்தில் தனி அச்சாக இருந்தவை ஏழுதான். ணொ, ணோ வகை ஆறும், கொம்பைப் போட்டுப் பழைய ணா, றா, னாவைச் சேர்த்தால் வந்துவிடும். ஆகவே ஏழு அறைகளை மட்டும் கவனித்தால் போதும். பழைய ணை, லை, ளை, னை இருந்த நாலு அறைகளையும் காலி பண்ணி, அவற்றில் வெறும் இரட்டைக் கொம்பை நிரப்பினார். பழைய ணா, றா, னா இருந்த அறைகளில் வெறும் ண, ற, னவை நிரப்பினார். இப்போது கை பழக்கத்தில் பழைய அறைக்கே போகலாம். அங்கே முதல் பாதி கிடைக்கும். அது கையில் பட்டதுமே மறுபாதிக்குத் தானாக நகரும். கை போகிற வழியை அவர் மாற்றவில்லை. போய்ச் சேருகிற இடத்தில் இருந்த சரக்கை மாற்றினார்.

ஒன்றே ஒன்று கேட்டார். ஒரு மாசத்துக்குப் பக்கக் கணக்கு வேண்டாம். போன மாசம் அவரவர் வாங்கிய கூலியையே கொடுத்துவிட வேண்டும். நான் அதை முதலாளியிடம் கொண்டுபோனேன். அவர் சுலபத்தில் சம்மதிக்கவில்லை. "கற்றுக்கொள்கிற நாளுக்கு யார் கூலி கொடுப்பது? அவர்கள் பிள்ளைகளா?" என்று வாதாடினேன். இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, நாலு வாரத்துக்கு ஒப்புக்கொண்டார். மூன்றாவது வாரமே பழைய வேகம் வந்துவிட்டது. ஜூன் மாதம் நோட்ஸ் பிழை இல்லாமல் வெளியாயிற்று. கால் காசு முதலாளி கணக்கில் போயிற்று. வாசலில் சண்டை நின்றது.

பிற்பாடு இதைப் பற்றி மேல்நாட்டில் ஆராய்ச்சியே நடந்திருக்கிறது என்று படித்தபோது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் மேரியன் என்ற ஊரில், ஹார்வுட் என்று ஒரு பைஜாமாத் தொழிற்சாலை. தைக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. வேலை முறையை மாற்றும்போதெல்லாம் அங்கேயும் இதே தொல்லை. புதிதாகச் சேருகிறவள் வேலையைப் பிடித்துக்கொள்ளும் நாளைவிட, வேலை மாற்றப்பட்ட பழைய கைகாரிக்கு அதிக நாள் ஆயிற்றாம். லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச் என்ற இருவர் இதைச் சோதித்து 1948இல் எழுதினார்கள். ஒரு கூட்டத்தாரிடம் மாற்றத்தையும் அதன் அவசியத்தையும் விளக்கிச் சொல்லிவிட்டு விட்டுவிட்டார்கள். என்னுடைய முதல் பிரசங்கம் போலத்தான். நாற்பது நாளைக்குள் அவர்களில் நூற்றுக்குப் பதினேழு பேர் வேலையை விட்டே போய்விட்டார்கள், இருந்தவர்களும் தேறவில்லை. வேறு இரண்டு கூட்டங்களில், எப்படி மாற்றலாம் என்று யோசிப்பதிலேயே எல்லாரையும் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் சீக்கிரமே பழைய அளவைத் தாண்டிப் போனார்கள், ஒருவரும் விலகவில்லை. இதைவிட முக்கியமானது அடுத்தது. தேறாமல் போன அந்த முதல் கூட்டத்தில் மிஞ்சியவர்களையே சில மாதம் கழித்து இந்த இரண்டாவது வழியில் இன்னொரு வேலைக்கு மாற்றினார்கள். அவர்களும் மளமளவென்று தேறிவிட்டார்கள். ஆள் அதே ஆள். கை அதே கை.

நம் தேசத்திலும் நடந்திருக்கிறது. ஆமதாபாத்தில் காலிகோ மில்லில் 1952 வாக்கில் தானியங்கித் தறிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். தறி புதிது, உற்பத்தி மட்டும் உயரவில்லை. லண்டன் டாவிஸ்டாக் நிலையத்திலிருந்து வந்த ஏ. கே. ரைஸ் என்பவர் கொட்டகையைப் பார்த்தார். வேலையைத் துண்டு துண்டாக வெட்டி ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்திருந்ததால், ஒருவரும் ஒருவரோடும் சேரவில்லை. சிலர் சேர்ந்து குழுவாகச் சில தறிகளைப் பொறுப்பேற்றால் என்ன என்று அவர் ஒரு யோசனையைத்தான் சொன்னார். தொழிலாளிகளே அதைப் பிடித்துக்கொண்டு, யார் யாரோடு என்று தாங்களே குழுப் பிரித்துக்கொண்டார்கள். நெசவு கூடிற்று, சேதம் குறைந்தது. ரைஸ் இதை 1953இல் கட்டுரையாகவும், 1958இல் புத்தகமாகவும் எழுதினார். வெளியிலிருந்து வருகிற ஆள் இவ்வளவுதான் செய்ய முடியும் போலிருக்கிறது: யோசனையை நடுவில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்வது.

இவ்வளவும் தெரிந்த நான் 1992இல் செய்ததைச் சொல்லுகிறேன்.

அதற்குள் நான் அச்சாபீசை விட்டு வந்து பத்து வருஷம் ஆகிவிட்டது. நாவல்கள் வெளிவந்து, நாலு பேருக்குத் தெரிந்த பேராகிவிட்டது. பழைய முதலாளி காலமாகி, மகன் நடத்திக்கொண்டிருந்தார். ஒரு நாள் அவர் காரை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்தார். கம்ப்யூட்டர் வாங்கப் போகிறாராம். இனி ஈய எழுத்து இல்லை, டி.டி.பி.தான். "ஆளுங்க ஒரு மாதிரியா இருக்காங்க சார். எல்லாருக்கும் கத்துக்குடுத்துடுவோம். யாரையும் அனுப்பறதா இல்லே. நான் சொன்னா சந்தேகப்படறாங்க. நீங்க பேசினா நம்புவாங்க."

காரில் ஏறிக்கொண்டு போனேன். பழைய இடம், பழைய முகங்கள். மாலை போட்டார்கள். எனக்கு உற்சாகமாகிவிட்டது. பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் லையையும் ணையையும் எப்படி ஜெயித்தோம் என்று நினைவுபடுத்தினேன். அண்ணாச்சியின் ஏழு அறைகளைப் பற்றிச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தேன். "அன்றைக்குக் கைக்கு வழி கண்டுபிடித்தவர்களுக்கு இன்றைக்கு இது ஒரு பிரமாதமா?" என்று கேட்டேன். கை தட்டினார்கள்.

அண்ணாச்சி கை தட்டவில்லை. எழுந்து நின்று ஒன்றே ஒன்று கேட்டார்.

"தம்பி, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். அதிலே எங்களுக்கும் இடம் உண்டுதானே?"

"உண்டு அண்ணாச்சி" என்றேன்.

அவர் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்களும் அதோடு சமாதானமாகிவிட்டார்கள்.

வாங்கப்போவது இரண்டு கம்ப்யூட்டர். இருப்பது பதினாலு ஆள். மூன்றாம் வகுப்புப் பையன்கூட இந்தக் கணக்கைப் போட்டிருப்பான். நான் போடவில்லை. சின்ன முதலாளி பொய் சொன்னார் என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன். அன்றைக்கு அவர் அப்படித்தான் நினைத்திருப்பார். ஆனால் பாங்குக் கடனும் வட்டியும் நினைப்பைக் கேட்டுக்கொண்டா வருகின்றன? எட்டு மாதத்தில் இரண்டு பையன்களை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார். கேஸ் கேஸாக இருந்த ஈய எழுத்தையெல்லாம் எடைக்குப் போட்டார். இந்தத் தடவை கால் காசு இல்லை, முழு ரூபாய். அது பன்னிரண்டு குடும்பங்களின் கணக்கில் விழுந்தது.

எனக்கு விஷயம் தெரிந்ததே ஒரு கல்யாண வீட்டில்தான். மறுநாள் ஆரப்பாளையத்தில் அண்ணாச்சியின் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். அப்போது அவருக்கு ஐம்பத்து நாலு வயது. ஒரு சினிமாக் கொட்டகையின் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கும் வேலையில் இருந்தார். காபி வரவழைத்துக் கொடுத்தார். என் புது நாவலில் அச்சுப் பிழை மலிந்திருப்பதாக வருத்தப்பட்டார். நான் எதற்காக வந்தேன் என்பதை நான் சொல்லவும் இல்லை, அவர் கேட்கவும் இல்லை. கடைசியில் வாசல் வரைக்கும் வந்தவர், சட்டென்று நினைவுக்கு வந்ததுபோலச் சொன்னார்:

"விருதுநகர்ல ஒரு பிரஸ்ல அப்பக் கூப்பிட்டிருந்தாங்க தம்பி. கல்யாணப் பத்திரிகை வேலை, இன்னிக்கும் ஈய எழுத்துத்தான் ஓடுது. நீங்க வந்து பேசின மறுவாரம் கேட்டு விட்டாங்க. இங்கேயே இடம் இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டேன். வேற ஆளைப் போட்டுட்டாங்க."

நான் பேசாமல் நின்றேன்.

"நீங்க வேணும்னா சொன்னீங்க? உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்" என்றார்.

திட்டியிருந்தால் தேவலை. உனக்குத் தெரியாது, தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொன்னாய் என்பதை அதைவிட மரியாதையாக ஒருவர் சொல்ல முடியாது. 1979இல் நான் அவர்களுக்காக முதலாளியிடம் வாதாடிச் சம்பாதித்த நம்பிக்கை அது. அதைப் பதின்மூன்று வருஷம் அவர்கள் செலவழிக்காமல் வைத்திருந்தார்கள். ஒரு மாலைக்கும் ஒரு கார் சவாரிக்கும் நான் அதை இன்னொருவர் கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கடன் பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஊரில் ஆயிரம் யோசிப்பார்கள். தொகை எவ்வளவு, வாங்குகிறவன் கொடுப்பானா, கொடுக்காவிட்டால் என் வீடு போகுமா என்று மனைவி மக்களையெல்லாம் கலந்துகொள்வார்கள். மாற்றத்தைப் பற்றிப் பேசப் போகிறவனும் ஜாமீன்தாரன்தான். மைக் முன்னால் நின்று அவன் சொல்லுகிற ஒவ்வொரு 'உண்டு'க்கும் கீழே கண்ணுக்குத் தெரியாத கையெழுத்து ஒன்று இருக்கிறது. வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். கடன் திரும்பாவிட்டால் போகிறது அவன் வீடு இல்லை.

அதற்காக மாற்றமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஈய எழுத்துக்குத் திரும்பிப் போக நான் ஆசைப்படவில்லை. இந்தக் கட்டுரைகூடக் கம்ப்யூட்டரில்தான் அச்சாகப் போகிறது. அண்ணாச்சியே அதைத் தடுத்திருக்கமாட்டார். அவர் கேட்டது யந்திரத்தைப் பற்றி இல்லை. இடம் உண்டா என்று கேட்டார். 'இல்லை அண்ணாச்சி, இரண்டு பேருக்குத்தான் இருக்கும்போலத் தெரிகிறது' என்று சொல்லியிருந்தால், அன்றைக்குக் கை தட்டல் கிடைத்திராது. மறுவாரம் அவர் விருதுநகருக்குப் போயிருப்பார்.

இளைஞர்கள் இருவரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னேன்: "வருகிறேன். ஆனால் மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும். அந்த யந்திரம் வந்த பிறகு இப்போது இருக்கிறவர்களில் எத்தனை பேருக்கு வேலை இருக்கும்? கற்றுக்கொள்கிற காலத்தில் வேலை குறைந்தால் அந்த நஷ்டம் யாருடையது? அந்த முகம் தூக்குகிற பழைய ஆட்கள் ஒரு யோசனை சொன்னால், உங்கள் ஏற்பாட்டில் எதையாவது மாற்றிக்கொள்வீர்களா? மூன்றையும் காகிதத்தில் எழுதி வாங்கி வாருங்கள். 'இல்லை' என்று எழுதியிருந்தாலும் பரவாயில்லை. அதையே போய்ச் சொல்லுகிறேன்."

பெரியவன் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மேலே கேட்டுச் சொல்றோம் சார்" என்றான். எழுந்தார்கள். அவன் போய்க் காரைத் திருப்பிக்கொண்டிருந்தான். சின்னவன் வாசற்படியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். மாட்டி முடித்தும் எழுந்திருக்கவில்லை.

"சார், அந்த முதல் கேள்வி இருக்கு பாருங்க..."

"சொல்லு தம்பி."

"நான் பார்க்கிறதும் அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதற வேலைதான் சார். எங்ககிட்டயும் இன்னும் யாரும் சொல்லலை."

வாயைத் திறந்தேன். நல்லவேளையாக, 'உனக்கென்னப்பா, சின்ன வயசு, இடம் உண்டு' என்று சொல்ல வந்ததைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டேன். "எனக்குத் தெரியாது தம்பி. கேட்டுத் தெரிந்துகொள்" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போனான். மூன்று வாரம் ஆகிறது. காகிதம் இன்னும் வரவில்லை.